டி.சி. வாங்கிப் போனவர்களின் பட்டியலிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: கடலூர் மாவட்டத்தில் ஒரு கலைக் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். இந்த ஆண்டு, ஒதுக்கீட்டில் சேரும் மாணவர்களுக்குத் துணையாக இருக்க வேண்டிய சம வாய்ப்பு மையத்தின் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். இதுவரை ஒரு பெயர்ப் பலகையும் வருடத்துக்கு ஒரு கருத்தரங்கும்தான் நடந்திருக்கின்றன. "ஒதுக்கீட்டு இடமெல்லாம் நிரம்பிடுச்சே, இதுல உங்களுக்கு என்ன வேலை?" என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். மேற்படிப்புக்குப் புதுச்சேரிக்குப் போகும் எங்கள் மாணவர்களுக்கும் ஏதாவது செய்ய ஆசை. எங்கே தொடங்குவது?

பதில்:

தம்பி, பலகையும் கருத்தரங்கும் இருக்கட்டும். முதலில் அலுவலகத்துக்குப் போய் மாற்றுச் சான்றிதழ் பதிவேட்டைக் கேளுங்கள். கடந்த ஐந்து ஆண்டுகளில் படிப்பை முடிக்காமல் டி.சி. வாங்கிப் போனவர்கள் யார், எந்தத் துறை, எந்தப் பிரிவில் சேர்ந்தவர்கள், சேர்ந்த எத்தனையாவது மாதத்தில் போனார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். டி.சி.கூட வாங்காமல் நின்றுபோனவர்களை வருகைப் பதிவேட்டைப் பார்த்து இன்னொரு பக்கத்தில் எழுதுங்கள். உங்கள் மையத்தின் வேலை அந்த நோட்டில் இருக்கிறது.

இதை நான் தாமதமாகக் கற்றுக்கொண்டேன். முப்பது வருடத்துக்கு மேல் பொருளாதாரம் நடத்தியவள். ஒரு வருடம் என் வகுப்புக்குத் தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு பையன் வந்தான். மீனவர் வீட்டுப் பிள்ளை, வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்தவன், பிளஸ் டூ வரை தமிழ் வழி. முதல் இன்டர்னலில் 'இலாஸ்டிசிட்டி ஆஃப் டிமாண்ட்' என்ற கேள்விக்கு வெற்றுத்தாள் கொடுத்தான். தாளைத் திருப்பிக் கொடுத்த ஆசிரியர் வகுப்பு நடுவே, "எந்தக் கோட்டாவுல வந்த நீ?" என்று கேட்டார். அடுத்த வாரமே டி.சி. கேட்டு விண்ணப்பம். காரணம் என்ற இடத்தில் 'குடும்பச் சூழ்நிலை' என்று எழுதியிருந்தான். வகுப்புப் பொறுப்பாசிரியர் என்ற முறையில் கையெழுத்துப் போட்டது நான். ஏன் போகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து முதுநகர் துறைமுகத்தில் மீன் வாங்கப் போனபோது அவனைப் பார்த்தேன். ஏலத்தில் நின்றிருந்தான். வஞ்சிரம் என்ன இவ்வளவு விலை என்று கேட்டேன். "வரத்து கம்மி மேடம். ஆனா விலை ஏற ஏற ஆளுங்க வேற மீனுக்குப் போயிடுவாங்க, அதுக்கு மேல ஏத்த முடியாது. கவளையில அப்படி இல்ல, சோத்துக்கு அதுதான்னு இருக்கிறவங்க என்ன விலைன்னாலும் கொஞ்சமாவது வாங்குவாங்க" என்றான். விலை மாறும்போது வாங்குவது எவ்வளவு மாறும் என்பதுதான் தேவை நெகிழ்ச்சி, அந்த 'இலாஸ்டிசிட்டி ஆஃப் டிமாண்ட்'. அதை இதைவிடத் தெளிவாக என் வகுப்பில் யாரும் சொன்னதில்லை. 'தேவை நெகிழ்ச்சி' என்று அவனுடைய பிளஸ் டூ புத்தகத்தில் படித்திருக்கிறான், நன்றாகவே தெரியும். நாங்கள் அதை வேறு பெயரில் கேட்டோம், அவ்வளவுதான். ஒதுக்கீடு அவனுக்கு இடத்தைச் சரியாகக் கொடுத்தது. அந்த இடத்தைப் பிடுங்கிக்கொண்டது நாங்கள், ஏழே வாரத்தில்.

அதன் பிறகு பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். 'குடும்பச் சூழ்நிலை', 'சொந்தக் காரணம்' என்று எழுதிவிட்டுப் போனவர்களில் பெரும்பாலோர் முதல் பட்டதாரிகள். பெரும்பாலோர் முதல் இன்டர்னலுக்கும் முதல் செமஸ்டருக்கும் நடுவில் போனவர்கள். அலுவலகக் கணக்கில் அந்த ஆண்டு ஒதுக்கீடு முழுவதும் நிரம்பியதாகத்தான் இருந்தது. சேர்க்கையன்று எண்ணியவர்கள் பிறகு எண்ணவே இல்லை.

ஆகவே உங்கள் சக ஆசிரியர்களின் கேள்விக்குப் பதில் இது: சேர்க்கை முடிந்த மறுநாள்தான் உங்கள் வேலை ஆரம்பம். சட்டம் சொல்லும் பங்கு எவ்வளவு என்பதில் நம் மாநிலத்தில் குழப்பம் இல்லை. பிற்படுத்தப்பட்டோர் 26.5 விழுக்காடு, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினர் 20, பட்டியல் சாதியினர் 18 (அதற்குள் அருந்ததியருக்கு 3), பழங்குடியினர் 1. ஆக மொத்தம் 69. 1994-ஆம் ஆண்டுச் சட்டம், 76-ஆவது திருத்தத்தின் வழியே அரசியல் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணையில் இருக்கிறது. ஆனால் இந்த எண்கள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் நம் மாவட்டத்து மனிதர்கள் நிற்கிறார்கள் என்பதை மாணவர்களுக்குச் சொல்லுங்கள். எம்.பி.சி., அதாவது மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கென்று தனியாக 20 விழுக்காடு 1989-இல் வந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1987 செப்டம்பரில், அன்றைய தென்னாற்காடு மாவட்டச் சாலைகளில் வன்னியர் சங்கம் நடத்திய மறியலில் உயிரைக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். அந்த வீடுகளின் பேரப்பிள்ளைகள் இன்று உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கலாம். சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916-இல் நந்தனார் பெயரில் பள்ளி தொடங்கியபோது இன்றைய ஒதுக்கீடு எதுவுமே வந்திருக்கவில்லை. காட்டுமன்னார்கோயில் பக்கத்து எல். இளையபெருமாள் தலைமையில் 1965-இல் அமைத்த குழுதான் தீண்டாமையும் பட்டியல் சாதியினரின் கல்வி, பொருளாதார நிலையும் எப்படி இருக்கின்றன என்று நாடு முழுவதும் சுற்றிப் பார்த்து 1969-இல் அறிக்கை கொடுத்தது. கருத்தரங்கு நடத்தியே ஆக வேண்டுமென்றால் இவர்களைப் பற்றி நடத்துங்கள். வெளியூரிலிருந்து பேச்சாளர் வர வேண்டாம்.

இடம் கிடைப்பது ஒன்று, அந்த இடத்தில் இருக்க முடிவது இன்னொன்று. இதற்கு நம் மாவட்டத்திலேயே பெரிய சான்று உண்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 2013-இல் அரசே ஏற்றுக்கொண்டது. ஆனால் அங்கிருந்த மருத்துவக் கல்லூரியில் கட்டணம் மட்டும் மற்ற அரசு மருத்துவக் கல்லூரிகளைவிடப் பல மடங்கு அதிகமாகவே இருந்தது. அரசு ஒதுக்கீடு, அரசுக் கலந்தாய்வு எல்லாம் சரியாக நடந்தன. கட்டணத்தைப் பார்த்தவுடன் ஏழை வீட்டுப் பிள்ளை பின்வாங்க வேண்டியதுதான். மாணவர்கள் வாரக்கணக்கில் போராடிய பிறகு 2021-இல் அது சுகாதாரத் துறைக்கு மாறி, கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியானது. 2020-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 விழுக்காடு வந்தபோதும் இதே கதைதான். தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தும் பணம் கட்ட வழியில்லாமல் கைவிட்டவர்கள் இருந்தார்கள். கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று அறிவித்த பிறகுதான் அந்த 7.5 முழுமையடைந்தது. 2021-இல் அதைப் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் விரித்தார்கள். புதுச்சேரியில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் 10 விழுக்காடு 2023-இல் வந்தது.

உங்கள் கல்லூரியில் கட்டணம் லட்சக்கணக்கில் இருக்காது. ஆனால் ஐயாயிரம் ரூபாயும் ஒரு பிள்ளையை வெளியேற்றும். பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் கிடைக்கும். பணம் நேரடியாக மாணவர் கணக்குக்கு வருகிறது. அந்தக் கணக்கில் ஆதார் சரியாக இணைந்திருக்க வேண்டும். வங்கியில் ஆதார் எண்ணைக் கொடுத்துவிட்டோம் என்று மாணவர் நினைத்துக்கொண்டிருப்பார், ஆனால் நேரடிப் பணப் பரிமாற்றத்துக்கான இணைப்பு நடந்திருக்காது, அல்லது எப்போதோ திறந்த வேறொரு கணக்கோடு இருக்கும். பணம் வராது, ஏன் என்றும் தெரியாது. இதற்கிடையே அலுவலகம், "ஃபீஸ் கட்டினாத்தான் ஹால் டிக்கெட்" என்று சொல்லிவிடும். உதவித்தொகைக்குத் தகுதியுள்ள மாணவரிடம் முன்பணம் கேட்டு நெருக்கக் கூடாது என்பதுதான் அந்தத் திட்டத்தின் நோக்கமே. முதல்வரிடம் எழுத்தில் ஓர் உத்தரவு வாங்குங்கள்: உதவித்தொகை நிலுவையைக் காரணம் காட்டி யாருடைய ஹால் டிக்கெட்டையும் நிறுத்தக் கூடாது. அலுவலக ஊழியர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, தணிக்கைக்குப் பயந்துதான் செய்கிறார்கள். உத்தரவு கையில் இருந்தால் அவர்களே உதவுவார்கள். ஆகஸ்டில் ஒரு நாள் வங்கி ஊழியரையே கல்லூரிக்கு வரச்சொல்லி, எல்லார் கணக்கையும் ஒரே மேசையில் சரிபார்த்துவிடுங்கள். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் ஆயிரம் ரூபாய் வரவேண்டியவர்களுக்கும் அதே மேசையில் வேலை முடிந்துவிடும்.

மொழி விஷயத்துக்கு இன்னொரு முறை வருகிறேன், ஏனென்றால் பாதிப் பேர் போவது இதனால்தான் என்று உறுதியாக நம்புகிறேன். 'பிரிட்ஜ் கோர்ஸ்' என்று ஒரு வாரம் இலக்கணம் நடத்தினால் ஒன்றும் ஆகாது. ஒவ்வொரு துறையிடமும் முதல் செமஸ்டர் பாடத்தின் முக்கியமான இருநூறு சொற்களுக்கு, மாநிலப் பாடநூலில் உள்ள தமிழ்ச் சொல்லைப் பக்கத்தில் எழுதி ஒரு பட்டியல் கேளுங்கள். வாய்ப்புச் செலவு என்றால் ஆப்பர்ச்சூனிட்டி காஸ்ட், முடுக்கம் என்றால் ஆக்ஸிலரேஷன், வினைவேக மாற்றி என்றால் கேட்டலிஸ்ட். பிள்ளைக்குப் பொருள் தெரியும், சட்டையைத்தான் மாற்றியிருக்கிறோம் என்று அப்போது ஆசிரியருக்கும் புரியும். முதல் இன்டர்னலில் மட்டுமாவது தமிழில் பதில் எழுதலாம் என்று துறைகள் ஒப்புக்கொண்டால் இன்னும் நல்லது. நான் சொன்ன பையன் அப்படி ஒரு தாள் எழுதியிருந்தால் நாற்பதுக்கு முப்பத்தைந்தாவது வாங்கியிருப்பான்.

இனி தகுதி பற்றிய பேச்சு. ஆசிரியர் ஓய்வறையில் இதை நீங்கள் கேட்டே தீருவீர்கள். கோபப்படாமல் ஒரே ஒரு தகவலிலிருந்து தொடங்குங்கள். மீதியுள்ள 31 விழுக்காட்டை 'முன்னேறிய சாதிக்கான இடம்' என்று பலர் நினைக்கிறார்கள், நம் மாணவர்கள்கூட. அது ஓபன் காம்பெட்டிஷன், எல்லாருக்கும் பொது. அந்த மதிப்பெண்ணை எட்டிய பட்டியல் சாதி மாணவரும் மிகவும் பிற்படுத்தப்பட்ட மாணவரும் அதில்தான் முதலில் இடம் பெற வேண்டும், அவரை ஒதுக்கீட்டுக் கணக்கில் கழிக்கக் கூடாது. 1992-இல் இந்திரா சஹானி வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதைத்தான் சொன்னது. ஆகவே ஒரு மாணவரின் சாதியைத் தெரிந்துகொண்டு, அவர் எந்த வழியாக வந்தார் என்று முடிவு செய்யவே முடியாது. "எந்தக் கோட்டா?" என்று வகுப்பில் கேட்பது நாகரிகக் குறைவு மட்டுமில்லை, கேட்பவரின் கணக்கும் தப்பு. வன்முறை என்று அதைச் சொல்ல நான் தயங்க மாட்டேன்.

அப்படிக் கேட்பது விதிமீறலும்கூட. உயர்கல்வி நிறுவனங்களில் சமத்துவத்தை மேம்படுத்துவது தொடர்பாகப் பல்கலைக்கழக மானியக் குழு 2012-இல் கொண்டுவந்த விதிமுறைகளை ஒருமுறை வரிவரியாகப் படியுங்கள். வகுப்பில் சாதிப் பெயரைச் சொல்வது, ஒதுக்கீட்டு மாணவர் என்று முத்திரை குத்துவது, சாதியைக் குறித்து இழிவாகப் பேசுவது, உணவுக்கூடத்திலோ படிப்பறையிலோ தனி இடம் ஒதுக்குவது எல்லாம் பாகுபாடு என்று அதில் எழுதியே இருக்கிறது. சம வாய்ப்பு மையமும், பாகுபாட்டுக்கு எதிரான அலுவலர் ஒருவரும் இருக்க வேண்டும் என்பதும் அங்கிருந்துதான் வருகின்றன. அந்த அலுவலர் மூத்தவராக இருக்க வேண்டும். பொறுப்பு உங்களிடம் இருந்தாலும் இளையவரான உங்களிடம் புகாரை விசாரிக்கும் சுமையையும் சேர்த்துத் தலையில் கட்டினால் ஏற்காதீர்கள். உங்கள் துறைத் தலைவர் மீதே புகார் வந்தால் நீங்கள் எப்படி விசாரிப்பீர்கள்?

புகார் பெட்டியை முதல்வர் அறை வாசலில் வைப்பதை நான் பார்த்திருக்கிறேன். அங்கே யார் போடுவார்கள்? நூலகத்தில், புத்தகம் திருப்பிக் கொடுக்கும் இடத்தில் வையுங்கள், கையில் தாளோடு யார் நின்றாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள். குழுவில் விடுதிக் காப்பாளர் வேண்டும், ஒரு மாணவியும் ஒரு மாணவரும் வேண்டும், பட்டியல் சாதி ஆசிரியர் ஒருவராவது வேண்டும். 'விசாரித்தோம், புகாரில் உண்மை இல்லை' என்று ஒற்றை வரியில் முடிக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். யாரை விசாரித்தீர்கள், என்ன சொன்னார்கள் என்று புகார் கொடுத்தவருக்கு எழுத்தில் போக வேண்டும். 2016 ஜனவரியில் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர் ரோஹித் வெமுலா உயிரை விட்டபோது எழுதிவைத்த கடிதத்தில், ஏழு மாத ஆய்வு உதவித்தொகை, ஒரு லட்சத்து எழுபத்தைந்தாயிரம் ரூபாய், தனக்கு வர வேண்டியிருக்கிறது, அதைத் தன் குடும்பத்துக்குக் கொடுத்துவிடுங்கள் என்று எழுதியிருந்தார். அந்த வரியை நான் மறந்ததில்லை. பணம் தாமதமாவது அலுவலகத்துக்கு ஒரு கோப்பு, அந்தப் பிள்ளைக்கு அது வீட்டு அரிசி.

புதுச்சேரிக்குப் போகிறவர்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இங்கேதான் நம் பிள்ளைகள் மிகவும் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் இருபது சொச்சம் கிலோமீட்டர் தூரத்தில் வேறொரு கணக்கு ஓடுகிறது. காலாப்பட்டில் உள்ள புதுச்சேரிப் பல்கலைக்கழகம் 1985-இல் தொடங்கிய மத்தியப் பல்கலைக்கழகம். அங்கே பட்டியல் சாதி 15, பழங்குடி 7.5, ஓ.பி.சி. (இதர பிற்படுத்தப்பட்டோர்) 27, பொருளாதாரத்தில் நலிந்த பொதுப்பிரிவினருக்கு 10. எம்.பி.சி. என்ற பிரிவே கிடையாது. நம் ஊர் பி.சி.யும் எம்.பி.சி.யும் ஒன்றாக ஓ.பி.சி. வரிசையில் நிற்க வேண்டும், அதுவும் சாதிப் பெயர் மத்தியப் பட்டியலில் இருந்தால்தான். நம் மாநிலப் பட்டியலில் உள்ள எல்லாச் சாதிகளும் அதில் இல்லை. வழக்கமான சாதிச் சான்றிதழை எடுத்துக்கொண்டு போய், கடைசி நாளில் "இது செல்லாது, ஓ.பி.சி. ஃபார்மட்ல வேணும்" என்று கேட்டு அழுதுகொண்டே பஸ் ஏறிய மாணவிகளை எனக்குத் தெரியும்.

அந்த ஓ.பி.சி. சான்றிதழில் கிரீமிலேயர் என்ற சிக்கல் இருக்கிறது, வசதி கூடியவர்களுக்கு ஓ.பி.சி. ஒதுக்கீடு இல்லை என்ற விதி அது. ஆண்டு வருமான வரம்பு 2017 முதல் எட்டு லட்சம். இதைப் பார்த்துவிட்டு, "அப்பா சம்பளம் எட்டு லட்சத்தைத் தாண்டுது, கிடைக்காது" என்று இ-சேவை மையத்திலேயே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். 1993-ஆம் ஆண்டு மத்திய அரசின் குறிப்பாணைப்படி வருமானச் சோதனையில் சம்பளத்தையும் விவசாய வருமானத்தையும் சேர்க்கக் கூடாது. அரசு ஊழியர் பிள்ளைகளுக்குப் பார்க்க வேண்டியது பெற்றோரின் பதவி நிலை. பெற்றோரில் ஒருவர் குரூப் ஏ பணியில் நேரடியாகச் சேர்ந்தவராக இருந்தால் ஒதுக்கீடு கிடையாது, இருவருமே அப்படி குரூப் பி பணியில் இருந்தாலும் கிடையாது. பண்ருட்டி பக்கம் முந்திரித் தோப்பு வைத்திருக்கும் விவசாயி மகளுக்கும், அப்பா மட்டும் அரசுப் பள்ளி ஆசிரியராக இருக்கும் பையனுக்கும் பெரும்பாலும் சான்றிதழ் கிடைக்க வேண்டும். (பாசன நிலம் உச்சவரம்பை நெருங்கினால் அது வேறு கதை, நம் மாணவர்களில் அப்படி யாரும் இருப்பது அபூர்வம்.) மூன்றாமாண்டு மாணவர்களுக்கு ஜனவரியிலேயே இதைச் சொல்லி, அந்தக் குறிப்பாணையின் நகலைக் கையில் கொடுத்து வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். நகல் கையில் இருந்தால் பேச்சே மாறும்.

பட்டியல் சாதிப் பிள்ளைகளுக்கு எல்லைக்கோடு வேறு மாதிரி குறுக்கே வரும். புதுச்சேரியின் பாகூருக்கும் நம் கடலூருக்கும் நடுவில் கொள்வினை கொடுப்பினை எத்தனை தலைமுறையாக நடக்கிறது! ஆனால் பட்டியல் சாதி என்ற நிலை மாநிலம் தாண்டிக் கூடவே வராது என்பதை 1990-இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. கடலூரிலிருந்து பிழைப்புக்காகப் புதுச்சேரியில் குடியேறிய குடும்பத்துப் பிள்ளைக்குப் புதுச்சேரி அரசின் இடங்களில் அந்த ஒதுக்கீடு சிக்கலாகிவிடும். மத்தியப் பல்கலைக்கழகத்தில் அப்படி இல்லை. தமிழ்நாட்டுச் சான்றிதழை வைத்தே அங்கே பட்டியல் சாதி இடம் கேட்கலாம். இந்த வித்தியாசம் தெரியாமல் விண்ணப்பமே போடாமல் விட்டவர்கள் உண்டு. தலித் கிறிஸ்தவ மாணவர்களுக்கு இரண்டு இடத்திலும் பட்டியல் சாதி ஒதுக்கீடு கிடையாது, தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பிரிவில் வருவார்கள். ஒரே தெரு, ஒரே அவமானம், ஞாயிற்றுக்கிழமை போகிற இடம் மட்டும் வேறு. பட்டியல் சாதியினர் யார் என்று வகுத்த 1950-ஆம் ஆண்டு ஆணையின் பெரிய அநியாயம், என்னைப் பொறுத்தவரை, அது.

முனைவர் பட்டத்துக்குப் போகிறவர்களுக்கு நேர்முகத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 2016-இல் மானியக் குழு கொண்டுவந்த விதி எழுத்துத் தேர்வை வெறும் தகுதித் தேர்வாக்கி, தேர்ந்தெடுப்பதை முழுக்க நேர்முகத்தில் விட்டது. எதிர்ப்புக்குப் பிறகு 2018-இல் எழுத்துக்கு 70, நேர்முகத்துக்கு 30 என்று மாற்றினார்கள். அந்த 30-ல்தான் இன்னமும் பிள்ளைகள் சறுக்குகிறார்கள். ஆங்கிலம் தட்டுத்தடுமாறும், கண்ணைப் பார்த்துப் பேசப் பழக்கம் இருக்காது. மாதிரி நேர்முகம் மூன்று நடத்துங்கள், அதில் ஒன்றையாவது அந்தப் பல்கலைக்கழகத்தில் இப்போது ஆய்வு செய்யும் உங்கள் பழைய மாணவரை வைத்து நடத்துங்கள்.

ஆசிரியர் நியமனத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் விட முடியவில்லை. வகுப்பில் நிற்பவர்களில் தன் தெருவிலிருந்து ஒருவரைக்கூடப் பார்க்காத பிள்ளை எத்தனை நாள் தாங்கும்? இனசுழற்சி என்பது எளிய கணக்கு: பணியிடங்களை வரிசையாக எண்ணி, எந்த எண் எந்தப் பிரிவுக்கு என்று முன்கூட்டியே வகுத்துவைப்பது. மத்திய நிறுவனங்களில் நான்காவது பணியிடம் ஓ.பி.சி.க்கு, ஏழாவது பட்டியல் சாதிக்கு, பதினான்காவது பழங்குடிக்கு. முழுப் பல்கலைக்கழகத்தையும் ஒரே அலகாக எண்ணினால் எல்லார் முறையும் வந்துவிடும். துறையை அலகாக எண்ணினால்? மூன்று பேர் உள்ள துறையில் நான்காவது இடம் எந்தக் காலத்தில் வரும், ஏழு எங்கே, பதினான்கு எங்கே! 2017-இல் அலகாபாத் உயர் நீதிமன்றத் தீர்ப்பும் 2018-இல் மானியக் குழுவின் சுற்றறிக்கையும் துறையையே அலகாக்கின. நாடு முழுக்க ஆசிரியர்கள் தெருவுக்கு வந்த பிறகு 2019-இல் சட்டம் போட்டுப் பல்கலைக்கழகத்தையே மறுபடி அலகாக்கினார்கள். ஒரு சதவீதத்தைக்கூட மாற்றாமல், எண்ணும் முறையை மாற்றியே ஒதுக்கீட்டை இல்லாமல் செய்ய முடியும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். உங்கள் கல்லூரி மாநில விதியில் வருவது, 200 புள்ளிச் சுழற்சி. பதிவேடு கடைசியாக எந்தப் புள்ளியில் நிற்கிறது, பின்னடைவுப் பணியிடங்கள் (முன்பு நிரப்பாமல் விட்ட ஒதுக்கீட்டு இடங்கள்) எத்தனை என்று தகவல் அறியும் உரிமைச் சட்டம் வரை போகாமல் நேரடியாகவே கேட்டுப் பாருங்கள். கௌரவ விரிவுரையாளர் நியமனத்தில் யார் யார் வருகிறார்கள் என்றும் பாருங்கள். தற்காலிகம் என்ற பெயரில் சுழற்சியைத் தாண்டிக் குதிப்பது அங்கேதான் நடக்கும். மத்திய அரசுப் பணிகளில் 45 நாளோ அதற்கு மேலோ நீடிக்கும் தற்காலிக நியமனத்துக்கே ஒதுக்கீடு உண்டு என்பதை அப்போது நினைவுபடுத்தலாம்.

மாற்றுத்திறனாளிகளுக்கு 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி 5 விழுக்காடு, 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்கு. தேர்வில் மணிக்கு இருபது நிமிடம் கூடுதல் நேரமும், தேவைப்பட்டால் சொல்வதை எழுதுபவரும். இதெல்லாம் தாளில் இருக்கும். உங்கள் முதலாமாண்டு வகுப்பு இரண்டாவது மாடியில் இருந்தால் ஒதுக்கீட்டில் சேர்ந்த பிள்ளை எப்படி ஏறும்? கால அட்டவணை போடும் ஆசிரியரிடம் ஜூன் மாதமே பேசி, அந்த வகுப்பைத் தரைத்தளத்துக்கு இறக்குங்கள். காசே செலவில்லாத வேலை.

பஸ்ஸையும் பாருங்கள். செய்முறை வகுப்பு ஐந்து மணிக்கு முடிந்து, காட்டுமன்னார்கோயில் பக்கம் உள்ளடங்கிய ஊருக்குப் போகிற பெண் எத்தனை மணிக்கு வீடு சேருவாள் என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு பஸ் மாறி இருட்டில் இறங்கி நடக்க வேண்டுமென்றால் வீட்டில் ஒரு மாதம்தான் பொறுப்பார்கள்.

கடைசியாக இருளர் பிள்ளைகள். நம் மாவட்டத்தில் பழங்குடியினருக்கான அந்த 1 விழுக்காடு பல கல்லூரிகளில் காலியாகவே கிடக்கும், "எஸ்.டி. ஆளே வரலை" என்பார்கள். வந்தவர்களைச் சான்றிதழ் இல்லை என்று அனுப்பியிருப்பார்கள். மற்றவர்களுக்கு வட்டாட்சியர் அளவில் முடிகிற வேலை, பழங்குடிச் சான்றிதழுக்குக் கோட்டாட்சியர் வரை போக வேண்டும். அப்பாவிடம் சான்றிதழ் இருக்கிறதா, தாத்தாவிடம் இருக்கிறதா என்று கேட்பார்கள், செங்கல் சூளையிலும் கரும்புத் தோட்டத்திலும் ஊர் ஊராகப் போன குடும்பத்தில் எந்தக் காகிதம் இருக்கும்? புதுச்சேரியில் இருளரைப் பழங்குடியாக ஏற்றதே 2016 டிசம்பரில்தான், அதுவரை அந்த ஒன்றியப் பிரதேசத்தில் அட்டவணைப் பழங்குடி என்று ஒருவர்கூட இல்லை. உங்கள் கல்லூரியைச் சுற்றியுள்ள மேல்நிலைப் பள்ளிகளில் பிளஸ் ஒன் படிக்கும் இருளர் பிள்ளைகள் யார் என்று தலைமையாசிரியர்களிடம் இப்போதே கேளுங்கள். இரண்டு பேர் இருப்பார்கள், மூன்று பேர் இருப்பார்கள். பிளஸ் டூ முடிகிற வரைக்கும் காத்திருக்காமல் அவர்களோடு நீங்களே கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஒரு திங்கட்கிழமை போய் விண்ணப்பம் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். அந்தச் சீட்டின் எண்ணை நான் முதலில் சொன்ன நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்து, மாதம் ஒருமுறை எந்த மேசையில் நிற்கிறது என்று போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.